ஒரே தொப்பி

ஆறு நாளில் ஒரு படம்.
ஏழாம் நாள் வாடகைக்கு
கௌவர் தெருவில் எவனிடமும் காசில்லை.
ஹாலிவுட்டின் கொல்லைப்பக்கம் அது.

என் வேலை கணக்கு வைப்பது:
எந்த ஷாட்டில் சிகரெட் எவ்வளவு எரிந்தது,
துப்பாக்கி இடது கையிலா வலது கையிலா,
கோட்டில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது.
தெல்மா க்ருப்கா, தொடர்ச்சிக் குறிப்பு.
வாரம் முப்பத்திரண்டு டாலர்,
பென்சில் என் செலவு.

படிக்கட்டு ஒன்றுதான்.
திங்களன்று கோடீஸ்வரன் மாளிகை,
செவ்வாய் மதியம் மலிவு விடுதி,
புதனன்று ஒரு பலகையை மாட்டியதும்
போலீஸ் தலைமையகம்.
ஏழாவது படிக்கு மேல் வெறும் காற்று.
அங்கே நின்றுதான் விதவை அலறுவாள்.

சுவர் போதாத இடத்தில் பனிமூட்டம்.
போர்க்காலம், ஆணிக்கும் தட்டுப்பாடு.
கிழவர் யான்சி கனிம எண்ணெயைக் காய்ச்சி
லண்டன் செய்வார்.
அன்று முழுக்க எல்லோருக்கும் இருமல்.
இருமிய இடங்களில்
நாய் குரைப்பதைச் சேர்த்தார்கள்.

தொப்பியும் ஒன்றுதான்.
சாம்பல் நிறம், உள்பட்டையில்
யாரோ ஒருவரின் பழைய வியர்வை.
துப்பறிவாளனும் கொலைகாரனும்
மாற்றி மாற்றிப் போட்டார்கள்.
அதனால் துரத்தும் காட்சி முழுவதிலும்
இருவரும் ஒன்றாய் வரவே இல்லை.
துரத்துபவன் போவான். வெட்டு.
ஓடுபவன் வருவான்,
தொப்பியில் மற்றவன் சூடு ஆறியிருக்காது.
இதில் ஏதும் தத்துவம் உண்டா என்று
பல வருடம் கழித்து ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்.
இன்னொரு தொப்பி நாலரை டாலர் என்றேன்.

பிணம் ஆர்லோ டிங்க்லி.
அந்த ஆண்டில் பதினோராவது சாவு.
கண் திறந்து செத்தால் ஒரு டாலர் கூடுதல்.
கம்பளத்தில் கிடந்தபடியே கேட்பார்:
"தெல்மா, நேற்று என் கை எங்கே இருந்தது?"

ஐந்தாம் நாள் கொலைகாரனுக்குப்
பட்டாளத்திலிருந்து கடிதம்.
இயக்குநர் ஹல்பர்ட் வாஸ்
ஒரு சிகரெட் நேரம் யோசித்தார்.
சமையற்காரி கொன்றாள் என்றார்.
அவள் ஏற்கெனவே நாலு காட்சியில் அழுதாயிற்று, சார்.
நல்லது, குற்ற உணர்வு.
அப்போது ஓடினவன்?
பயந்த சாட்சி.

ஆறாம் நாள் காலை தொப்பியைக் காணோம்.
பெட்டி, லாரி, ஒப்பனை அறை,
யான்சியின் எண்ணெய்ச் சட்டி வரை தேடினோம்.
ஊரிலேயே கெட்டிக்காரத் துப்பறிவாளன்
மூக்குக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
அவனை யாரும் கேட்கவில்லை.

நான் குறிப்பைப் புரட்டினேன்.
காட்சி நாற்பத்தொன்று, மாலை ஆறு இருபது:
தொப்பி, பிணத்துக்குப் பக்கத்து நாற்காலியில்.
காட்சி நாற்பத்திரண்டு:
நாற்காலி மட்டும்.
பிணம் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தது.

ஆர்லோ சொன்னது நினைவு வந்தது.
பர்பேங்க்கில் விமானத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்களாம்.
வெறுந்தலையோடு போய் நின்றால்
வேலை வேண்டாதவன் மாதிரி இருக்குமாம்.

தாளில் எழுதினேன்:
தொப்பி, காற்றில் போனது.
மூடிய அரங்கம். ஜன்னலே கிடையாது.
வாஸ் அதைப் படித்தார்,
என்னைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

கடைசிக் காட்சியில் துப்பறிவாளன்
கலைந்த தலையோடு நின்று
கொலையை விளக்குகிறான்.
எனக்கே புரியவில்லை.

ஃப்ரெஸ்னோவில் பார்த்தேன்,
இரண்டு படத்துக்கு ஒரு டிக்கெட்.
திராட்சைத் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர்
தூங்கத்தான் வந்திருந்தார்கள்.
கம்பளத்தை நெருங்கிக் காட்டியபோது
ஒரு சிறுமி கத்தினாள்:
"அம்மா, அந்த ஆள் மூச்சு விடுறார்!"
உஷ் என்றார்கள்.

அவள் சரியாகத்தான் பார்த்தாள்.
காட்சி பதினேழு, இரண்டாம் டேக்.
மூன்றாவதுக்கு ஃபிலிம் இல்லை.